132 சென்டிமீட்டர் நூல்

அக்கா வீட்டில் ஒரு பழைய புவிக்கோளம் இருக்கிறது. முப்பது சென்டிமீட்டர் விட்டம். முப்பத்திரண்டு வருடம் புவியியல் பாடம் நடத்தியவள் அவள். ஓய்வு பெற்றபோது பள்ளியிலிருந்து எடுத்துவந்த ஒரே பொருள் அது.

2022-ல் ஒரு மாலை அவளிடம் போய், "அக்கா, விமானப் புள்ளிகளை வைத்து உலகத்தைச் சுற்றி வரலாம். 35,000 மைல் வரைக்கும் போகலாமாம். வருகிறாயா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. தாளும் பேனாவும் எடுத்தாள். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 24,900 மைல். இந்த உருண்டையின் சுற்றளவு 94 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 264 மைல் சொச்சம். 35,000 மைல் என்றால்? தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து 132 சென்டிமீட்டர் அளந்து வெட்டினாள்.

"இதுதானே நம்மகிட்ட இருக்கிறது? சரி, எங்கே போகலாம், சொல்லு" என்றாள்.

புள்ளிகளைக் கொடுத்து வாங்கும் டிக்கெட்டை விருது என்பார்கள். உலகச் சுற்று விருதுப் பயணத்தைப் பற்றி அதற்கு முன் நான் மாதக்கணக்கில் படித்திருந்தேன். அந்த நூலைக் கையில் பிடித்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

முதலில் விதிகள். புள்ளி என்பது விமான நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் வெகுமதி. ஒரு விமான நிறுவனத்தில் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு அதன் கூட்டணியில் இருக்கும் மற்ற நிறுவனங்களின் விமானங்களிலும் பறக்க முடியும். பெரிய கூட்டணிகள் மூன்று. ஸ்டார் அலையன்ஸ் 1997-லும், ஒன்வேர்ல்டு 1999-லும், ஸ்கைடீம் 2000-லும் தொடங்கின. ஒரே நிறுவனமே உலகத்தைச் சுற்றிய காலமும் உண்டு. பான் ஆம் 1947-ல் தொடங்கிய உலகச் சுற்றுச் சேவை 1982 வரை ஓடியது. இன்று அப்படிச் சுற்ற வேண்டுமானால் நான்கைந்து நிறுவனங்களின் விமானங்களை ஒரே டிக்கெட்டில் கோக்க வேண்டும். அந்தக் கோவைக்கு மொத்தமாக ஒரு விலை வைத்தால் அதுதான் உலகச் சுற்று விருது.

நாங்கள் பயன்படுத்தியது ஒன்வேர்ல்டில் இருக்கும் ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் புள்ளிகளை. ஒன்வேர்ல்டு விமானங்களில் மொத்தம் 35,000 மைல், அதிகபட்சம் பதினாறு துண்டுகள் (ஒரு விமானப் பயணம் ஒரு துண்டு), ஐந்து நிறுத்தங்கள். குவாண்டாஸ் தவிர குறைந்தது இரண்டு கூட்டணி நிறுவனங்களிலாவது பறக்க வேண்டும். நிறுத்தம் என்றால் ஓர் ஊரில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்குவது. அதற்குக் குறைவாக இருந்தால் அது வெறும் இடைமாற்றம், கணக்கில் வராது. இந்த 24 மணி நேரக் கோட்டை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

எத்தனை புள்ளி? 2019-ல் இந்த விலைகள் மாறின. பிசினஸ் வகுப்புக்கு 2,80,000-ஆக இருந்தது 3,18,000 ஆனது. எகானமிக்கு 1,40,000-ஆக இருந்தது 1,32,400-ஆகக் குறைந்தது. நாங்கள் பதிவு செய்தபோது அந்த விலைதான். நான் ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது மூன்றே கால் லட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. நான் மட்டும் பிசினஸ் வகுப்பில் உலகத்தைச் சுற்றுவதற்குச் சரியாக இருக்கும்.

புள்ளி சேர்ப்பவர்கள் கூடும் எந்த இடத்தில் கேட்டாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும். எகானமியில் புள்ளியைக் கரைக்காதே, பிசினஸில் போனால்தான் ஒரு புள்ளிக்கு அதிக மதிப்பு. கணக்குப்படி அது உண்மை. பிசினஸ் டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கினால் ஆகும் செலவைப் புள்ளிகளால் வகுத்துப் பார்த்தால் பெரிய எண் வரும். ஆனால் நான் ஒருபோதும் பணம் கொடுத்து வாங்கியிருக்க மாட்டாத டிக்கெட்டின் விலை எனக்கு எப்படி மதிப்பாகும்? நான் வேறு ஒரு கணக்குப் போட்டேன். எகானமியில் இரண்டு பேருக்கு 2,64,800. பிசினஸில் ஒருவருக்கு 3,18,000. ஒருவர் படுத்துக்கொண்டு போகும் புள்ளியில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு போகலாம், மேலே 53,200 மிஞ்சும். அந்த முடிவை இன்றுவரை நான் மாற்றி நினைத்ததில்லை.

சரி, நூலுக்கு வருவோம்.

ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே பூமியின் மேற்பரப்பில் உள்ள மிகக் குறுகிய பாதையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். பெருவட்டப் பாதை என்பார்கள். தட்டையான வரைபடத்தை வைத்து இதைத் திட்டமிட்டால் ஏமாந்துபோவோம். டோக்கியோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. தாளில் பார்த்தால் பசிபிக்கின் குறுக்கே நேர்கோடு. கோளத்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே ஏறி, அலூஷியன் தீவுகளின் பக்கமாக வளைந்து இறங்கும். விமானம் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்பது கணக்கில் வராது என்பதும் முக்கியம். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் ஃபின்ஏர் தன் ஹெல்சின்கி–டோக்கியோ விமானங்களைச் சுற்று வழியில், சில சமயம் வடதுருவத்தின் மேலாகவே, அனுப்பத் தொடங்கியது. ஒன்பதரை மணி நேரப் பயணம் பதின்மூன்று மணி நேரம் ஆனது. விருதுக் கணக்கில் அதே பழைய மைல்கள்தான். இணையத்தில் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளம் இருக்கிறது. விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறிகளை வரிசையாகக் கொடுத்தால் மொத்த மைலைச் சொல்லிவிடும். நான் அதில் பார்ப்பேன், அக்கா நூலில் பார்ப்பாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்ததே இல்லை.

அக்காவிடம் ஒரு பட்டியல் இருந்தது. பசிபிக்கைக் கடக்க வேண்டும். ஆண்டிஸ் மலையைப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நிற்க வேண்டும். "நன்னம்பிக்கை முனை இல்லை, கேட்டுக்கோ. தென்கோடி அகுல்ஹாஸ் முனை. அங்கேதான் அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் சேருது. எத்தனை பிள்ளைங்களுக்கு இதைத் திருத்தி இருக்கேன்!" என்றாள். முதல் திட்டத்தில் எல்லாவற்றையும் போட்டோம். டோக்கியோ, லாஸ் ஏஞ்சல்ஸ், டல்லாஸ் வழியாகச் சிலி நாட்டின் சாண்டியாகோ, அங்கிருந்து மாட்ரிட், லண்டன், கேப் டவுன், தோஹா, வீடு. நூல் இரண்டு விரற்கடை போதவில்லை. ஏறக்குறைய 600 மைல் அதிகம்.

சில வருடம் முன்பு இது ஏறக்குறைய அடங்கியிருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சாண்டியாகோவுக்கு நேராகப் பறக்கும் லாத்தாம் நிறுவனம் 2020-ல் ஒன்வேர்ல்டை விட்டு விலகிவிட்டது. தென் அமெரிக்காவில் கூட்டணிக்கென்று இருந்த பெரிய வலை அதோடு போயிற்று. தென்கோளப் பாதைகள் எப்போதுமே இப்படித்தான், இருப்பதே சில விமானங்கள், அதில் ஒன்று விலகினாலும் முழுத் திட்டமும் சரியும். அக்கா கொஞ்ச நேரம் கோளத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சாண்டியாகோவில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கினாள். "அகுல்ஹாஸை விட மாட்டேன்."

லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், லண்டன், கேப் டவுன் என்று மாற்றியதும் நூல் ஒரு சாணுக்கு மேல் மீந்தது. அதையும் எங்கேயாவது செலவழித்துவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. 35,000 மைல் இருக்கிறதே, 28,000-த்தில் முடிப்பதா? பலர் இந்த இடத்தில்தான் பயணத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பதினாறு துண்டுகள் இருக்கின்றன என்பதற்காகப் பதினாறு முறை விமானம் ஏறி, ஒவ்வொரு ஊரிலும் ஒன்றரை நாள் தங்கி, கடைசியில் விமான நிலையங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எங்களுடையது ஏழு விமானங்கள். ஐந்தாவது நிறுத்தத்தை நாங்கள் தொடவே இல்லை.

அடுத்த கேள்வி, கிழக்கே போவதா, மேற்கே போவதா. உடம்புக்கு மேற்குதான் நல்லது. நம் உள்கடிகாரம் இயல்பிலேயே 24 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி ஓடுவதால் நாளை நீட்டுவது எளிது, சுருக்குவது கடினம். இதை அக்காவிடம் விளக்கினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "கிழக்கே போனால் தேதிக்கோட்டைத் தாண்டும்போது அதே நாள் திரும்ப வரும் இல்லையா?" வரும் என்றேன். "அடுத்த அக்டோபரில் எனக்கு அறுபது முடியுது. அந்த நாளை ரெண்டு தடவை வாழ்ந்து பார்க்கணும்."

அதோடு திசையும் முடிவானது, தேதியும் முடிவானது. ஆனால் விருதுப் பயணத்தில் தேதி முடிவாவது ஆபத்தான விஷயம். விமானத்தில் இடம் காலியாக இருப்பதும் விருது இடம் இருப்பதும் வேறு வேறு. நிறுவனங்கள் ஒவ்வொரு விமானத்திலும் சில இடங்களை மட்டும் கூட்டாளிகளின் புள்ளிகளுக்கு என்று திறந்துவிடும். ஒன்வேர்ல்டில் எகானமி விருது இடத்துக்கு எக்ஸ் என்று குறி, பிசினஸுக்கு யூ. அவற்றில் ஒன்றோ இரண்டோ இருந்தால் உண்டு, இல்லையென்றால் விமானமே காலியாகப் பறந்தாலும் இல்லை.

எனவே முதல் நாளிலிருந்து வரிசையாகப் பதிவு செய்துகொண்டே போகக் கூடாது. எந்தத் துண்டு கிடைப்பது மிகக் கடினமோ அதை முதலில் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு கடலைக் கடக்கும் துண்டாக இருக்கும். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு நாளைக்குப் பல விமானங்கள், திங்கள் இல்லையென்றால் செவ்வாய் கிடைக்கும். பசிபிக்கில் அவ்வளவு தாராளம் கிடையாது. எங்களுக்கோ அந்த ஒரே நாள்தான். குவாண்டாஸில் 353 நாள் முன்பிலிருந்து பதிவு செய்யலாம். அக்காவின் பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதி திறக்கும் நாளில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். டோக்கியோவிலிருந்து மாலை கிளம்பும் விமானத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. வீட்டிலிருந்து டோக்கியோ, டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ், இந்த இரண்டை மட்டும் உடனே பதிவு செய்தேன்.

மீதி ஐந்து துண்டுகளின் தேதிகள் அன்றைக்கு இன்னும் திறக்கவே இல்லை. நீண்ட பயணம் போகிறவர்கள் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. கடைசித் துண்டு திறக்கும்வரை காத்திருந்து மொத்தமாகப் பதிவு செய்யலாம், அதற்குள் முதல் துண்டு போய்விடக்கூடும். அல்லது இருப்பதைப் பிடித்துவிட்டு, பிறகு அதே டிக்கெட்டில் மீதியைச் சேர்க்கலாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டணமாகக் கொஞ்சம் புள்ளி போகும். எங்களைப் போல் அசைக்க முடியாத தேதி ஒன்று இருந்தால் இரண்டாவது வழிதான். மாற்றத்தை ஒரே தடவையாக வைத்துக்கொண்டால் நஷ்டம் சிறியது. ஐந்து வாரம் கழித்து மீதி ஐந்தையும் ஒரே மூச்சில் சேர்த்தேன். அதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே தேடி, இடம் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எடுத்த எடுப்பில் பெரிய வழித்தடத்தை மொத்தமாகத் தேடினால், ஒரு துண்டில் இடமில்லாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து இல்லை என்றே பதில் வரும். எது தடுக்கிறது என்று தெரியாது.

புள்ளி கொடுத்தால் டிக்கெட் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விமான நிலைய வரிகளும், நிறுவனங்கள் போடும் கூடுதல் கட்டணமும் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். இந்தக் கூடுதல் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதாக வேறுபடும். அட்லாண்டிக்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானமும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமும் ஒரே பாதையில் பறந்தால், புள்ளி ஒன்றாக இருந்தாலும் ரொக்கம் ஒன்றாக இருக்காது. இரண்டையும் போட்டுப் பார்த்துக் குறைந்ததை எடுக்கலாம். வழித்தடத்தைத் துளியும் மாற்றாமல் இப்படியே கணிசமாக மிச்சம் பிடிக்க முடியும்.

பெரிய செலவு லண்டனில் காத்திருந்தது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணிகளுக்கு ஏர் பாசஞ்சர் டியூட்டி என்றொரு வரி உண்டு. போகும் தூரமும் வகுப்பும் கூடக் கூட வரியும் கூடும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து, ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் வேறு வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு அது கிடையாது. நான் முதலில் லண்டனில் மூன்று நாள் என்று போட்டிருந்தேன். அக்காவிடம் கேட்டேன், லண்டனில் உனக்கு என்ன பார்க்க வேண்டும்? "கிரீனிச். வேற எதுவும் வேண்டாம்." நியூயார்க்கிலிருந்து இரவு விமானம் காலையில் லண்டனில் இறங்கும். கேப் டவுன் விமானம் மாலையில். நடுவில் ஒரு முழுப் பகல். வரியும் இல்லை, நிறுத்தக் கணக்கிலும் வராது. (வெளியே போக நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும். இடைமாற்றத்தில் ஊர் சுற்றத் திட்டமிடுகிறவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும்கூட அனுமதி தேவை.)

கிரீனிச்சில் அக்கா எல்லோரையும் போல அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றாள். 1884-ல் வாஷிங்டனில் கூடிய மாநாடு உலகத்துக்குப் பொதுவாக ஏற்றுக்கொண்ட பூஜ்யக் கோடு. அப்புறம் கிழக்குப் பக்கமாகப் பூங்காவுக்குள் நடக்க ஆரம்பித்தாள். நான் என்னவோ ஏதோ என்று பின்னால் ஓடினேன். என் கைபேசியை வாங்கிப் பார்த்துக்கொண்டே போய், ஏறக்குறைய நூறு மீட்டர் தள்ளி நின்றாள். செயற்கைக்கோள்கள் காட்டும் பூஜ்யம் அங்கேதான் இருக்கிறது, தரையில் பதித்த கோட்டில் இல்லை. அங்கே ஒரு அடையாளமும் இல்லை, புல்லும் ஒரு குப்பைத் தொட்டியும்தான். அங்கே நின்று அவள் எடுத்துக்கொண்ட படம்தான் இன்று என் மேசைமேல் இருக்கிறது.

இதையெல்லாம் இழந்திருப்போம் என்பதையும் சொல்ல வேண்டும். பயணத்துக்குச் சில மாதம் முன்பு, நடுவில் இருந்த ஒரு விமானத்தின் நேரத்தை அந்த நிறுவனம் மாற்றியது. மின்னஞ்சல் வந்தது, ஒப்புக்கொண்டேன், திரையில் புதிய நேரம் தெரிந்தது. அத்தோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். முன்பதிவு வேறு, டிக்கெட் வேறு என்பது எனக்கு அப்போது சரியாகப் புரிந்திருக்கவில்லை. முன்பதிவு என்பது இடம் ஒதுக்கியிருக்கிறது என்ற குறிப்பு. டிக்கெட் என்பது பதின்மூன்று இலக்க எண், அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும், குவாண்டாஸுக்கு 081. ஒரு டிக்கெட்டில் நான்கு விமானங்கள்தான் அடங்கும். ஏழு விமானங்கள் இருந்ததால் ஒவ்வொருவருக்கும் அடுத்தடுத்து இரண்டு எண்கள். நேரம் மாறியபோது முன்பதிவு மாறியிருந்தது, டிக்கெட் மாறவில்லை. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. இரண்டு மணி நேரம் தொலைபேசியில் காத்திருந்து டிக்கெட்டை மறுபடி வெளியிடச் செய்தேன். அது நடக்காமல் விமான நிலையத்துக்குப் போயிருந்தால் ஏற்றியிருக்க மாட்டார்கள். ஒரு துண்டில் ஏறாவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாத் துண்டுகளும் தாமாக ரத்தாகும். நேரம் மாறினால், புதிய டிக்கெட் வந்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும்.

புள்ளிகளைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. குவாண்டாஸ் கணக்கில் 18 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதியாகும். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து, திட்டமே மறைந்துபோவது. ஜப்பானின் ஏஎன்ஏ விமான நிறுவனம் ஒரு அருமையான உலகச் சுற்று விருது வைத்திருந்தது. அட்லாண்டிக்கை ஒரு முறை, பசிபிக்கை ஒரு முறை கடக்க வேண்டும், எட்டு நிறுத்தங்கள் வரை உண்டு, தூரத்துக்கு ஏற்ற விலை. அதற்காகவே வருடக்கணக்கில் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். வங்கியில் போட்ட பணம் வட்டியாவது தரும். புள்ளி தேய்ந்துகொண்டேதான் இருக்கும். போக வேண்டிய இடமும் கூட வர வேண்டிய ஆளும் தெரிந்துவிட்டால், அதற்கு மேல் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அகுல்ஹாஸில் கடுமையான காற்று. இரண்டு கடல்களையும் பிரித்துக் காட்டும் கல்லின் அருகே அக்கா ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான் தொந்தரவு செய்யவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பிறந்தநாளுக்காக. டோக்கியோவில் நள்ளிரவு அது தொடங்கியது. காலையில் சூரிய உதயம் பார்த்தோம். மாலை ஐந்து மணிக்கு விமானம் கிளம்பியதும் மேற்கே சூரியன் சட்டென்று விழுந்து இருட்டியது. நான்கு மணி நேரம் போயிருக்கும். விமானத்தில் எல்லோரும் தூக்கம். அக்கா மட்டும் முன்னால் இருந்த சிறு திரையில் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெறும் கறுப்பு. திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். திரையில் சின்ன விமானம், தேதிக்கோடு ஓடும் 180 பாகைக் கோட்டின் மேல் இருந்தது. அவள் கை நடுங்கியது. இத்தனை வருடம் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் வளைத்து வளைத்துப் போட்ட கோடு.

அப்புறம் மறுபடியும் விடிந்தது. அதே தேதி. காலை பதினொரு மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினோம். உடம்புக்கு அது நடு இரவு, இருவருக்கும் கண் எரிந்தது. விடுதியில் படுக்கும்போது அக்கா சொன்னாள், "பன்னிரண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது எழுப்பு. இது முடியறதையும் பார்க்கணும்."

டோக்கியோ நள்ளிரவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நள்ளிரவு வரை நாற்பது மணி நேரம். 11.55-க்கு எழுப்பினேன். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியைச் சரி செய்துகொண்டு, மேசையில் இருந்த கடிகாரத்தை இருவருமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்கள் எல்லாம் பூஜ்யமாக மாறின.

"ம், முடிஞ்சுது" என்றாள் அக்கா. போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.